போர் விமானத்தில் கேனோபி முதலில் போகிறதா, சீட் முதலில் போகிறதா?

கதிரொளி:
நேற்று இரவு ஆபத்து நேரத்தில் விமானி சீட்டோடு வெளியே பாயும் வீடியோக்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் மேலே இருக்கிற கண்ணாடி மூடி, அதாவது கேனோபி, முழுசாகப் பிய்த்துக்கொண்டு பின்னால் பறக்கிறது, அப்புறம்தான் சீட் கிளம்புகிறது. இன்னொன்றில் மூடி இருந்த இடத்திலேயே தூள் தூளாகிறது, சீட் அதன் வழியாகவே வெளியே வருகிறது. இரண்டும் போர் விமானம்தான். ஏன் இரண்டு விதம்? எது நல்லது? விமானி தனித்தனியாக இரண்டு கைப்பிடி இழுக்கிறாரா, இல்லை ஒன்றை இழுத்தால் எல்லாம் தானாக நடக்கிறதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், அவசரம் இல்லை.

முகிலன்:
இது எனக்குப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சில வருடம் இந்த சீட்டுகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன்.

முதலில் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இன்றைய விமானங்களில் ஒரே கைப்பிடிதான். பெரும்பாலும் தொடைகளுக்கு நடுவே மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட வளையம். சில விமானங்களில் இருபுறமும் இருக்கும். அதை இழுத்த நொடியில் சின்னச் சின்ன வெடித்தோட்டாக்கள் வெடித்து, சூடான வாயு மெல்லிய குழாய்கள் வழியாக ஒரே நேரத்தில் பல இடங்களுக்குப் பாய்கிறது. ஒரு கிளை தோள்பட்டையை இழுக்கும் உருளைக்குப் போய் விமானியின் முதுகைச் சீட்டோடு ஒட்ட இழுத்துவிடும். குனிந்த நிலையில் கிளம்பினால் முதுகெலும்பு தாங்காது என்பதால் இது அவசியம். இன்னொரு கிளை கேனோபிக்குப் போகும். இவை முடிந்த பிறகுதான் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் குழல் சீட்டைத் தண்டவாளத்தில் மேலே தள்ளும், அது தண்டவாளத்தின் முடிவை நெருங்கும்போது ராக்கெட் எரியத் தொடங்கும். கைப்பிடியை இழுத்ததிலிருந்து பாராசூட் முழுசாக விரியும் வரை, குறைந்த வேகத்தில், சுமார் 2 வினாடி. படித்து முடிப்பதற்குள் ஆள் பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருப்பார்.

ஆனால் ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1949 மே 30 அன்று பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் நிறுவனம் செய்த சீட்டில் முதன்முதலாக நிஜ ஆபத்தில் வெளியேறிய ஜோ லங்காஸ்டர், வாலில்லாத ஏ.டபிள்யூ.52 சோதனை விமானத்தில் இருந்தார். அவர் கேனோபியைத் தனியாகக் கழற்றிவிட்டு, அப்புறம் முகத்திரையை (தலைக்கு மேலிருந்து முகத்தின் மீது இழுக்கும் திரை, அன்றைக்கு அதுதான் சீட்டைக் கிளப்பும் பிடி) இழுத்து வெளியேறி, காற்றில் மிதந்தபடி சீட் பட்டைகளைத் தானே அவிழ்த்து, சீட்டைவிட்டு விழுந்து, பாராசூட்டையும் தானே திறந்தார். அத்தனையும் கையால். உயரம் இருந்ததால் பிழைத்தார். 100 மீட்டரில் அது நடந்திருந்தால் பட்டையை அவிழ்க்கவே நேரம் இருந்திருக்காது. அங்கிருந்து கைப்பிடி ஒன்று போதும் என்ற இடத்துக்கு வந்ததுதான் இந்தத் துறையின் மொத்தக் கதை.

தேன்மொழி:
முகிலன் அண்ணா, ஒரு சந்தேகம். கேனோபியைக் கழற்றிவிட்டுப் போவது என்றால் அதுவரை சீட் சும்மா காத்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? விமானம் தரையை நோக்கி வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது, மூடி போக 0.4 வினாடி ஆகிறது என்று வையுங்கள். 24 மீட்டர் வீணாகிறது, ஏழெட்டு மாடி உயரம். எல்லா விமானத்திலும் நேராக உடைத்துக்கொண்டு போகும்படி செய்துவிட்டால் என்ன? இந்தக் காத்திருப்பு எனக்கு ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

முகிலன்:
கணக்கு சரிதான் தங்கச்சி. ஆனால் உடைக்க முடியாத கண்ணாடி என்று ஒன்று இருக்கிறது, சிக்கலே அங்கேதான்.

எஃப்-16-ஐப் பாருங்கள். முன்னால் குறுக்குச் சட்டம் எதுவும் இல்லாமல் ஒரே குமிழாக வளைந்த மூடி. அது பாலிகார்பனேட் என்ற முரட்டுப் பிளாஸ்டிக். தாழ்வாக வேகமாகப் பறக்கும்போது பெரிய பறவை நேராக வந்து மோதினாலும் உள்ளே வரக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். பாலிகார்பனேட் அடித்தால் வளையும், குழியும், ஆனால் நொறுங்காது. அதைத் தலையால் முட்டித் திறக்க நினைத்தால் உடைவது கழுத்துதான். அதனால் அங்கே கழற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. மூடியின் முன்பக்கத்தைச் சின்ன ராக்கெட்டுகள் தூக்கிவிடும், காற்று அதன் அடியில் புகுந்து பின் கீலில் சுழற்றிப் பிய்த்து எறியும்.

எஃப்-22-ல் 2006-ல் நடந்ததைச் சொன்னால் அந்தப் பிளாஸ்டிக் எவ்வளவு முரட்டுத்தனமானது என்று புரியும். அமெரிக்காவின் லாங்லி தளத்தில் ஒரு விமானத்தின் கேனோபி மூடிய நிலையில் சிக்கிக்கொண்டது, விமானி சுமார் 5 மணி நேரம் உள்ளேயே இருந்தார். கடைசியில் தீயணைப்பு வீரர்கள் மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தால் அறுத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். தரையில், நிதானமாக, கருவியோடு நின்றவர்களுக்கே அந்தப் பாடு.

அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் வேறு ரகம். அது விரிசல் விட்டு நொறுங்கும். அதனால் அக்ரிலிக் மூடி போட்ட விமானங்களில் உடைத்துப் போகும் வழியை யோசிக்கலாம். பறவையைத் தடுக்க எந்தப் பொருள் என்று முடிவு செய்யும் அன்றைக்கே, விமானி எப்படி வெளியே போவார் என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது. இரண்டையும் இரண்டு தனிப் பொருளாகப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆதவன்:
உடைக்கும் முறையை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஹாரியர் போர் விமானம் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள், ஏணியில் ஏறி காக்பிட்டை எட்டிப் பார்க்க விட்டார்கள். தலைக்கு மேல் கண்ணாடியில் யாரோ தடித்த பேனாவால் வளைத்து வளைத்துக் கிறுக்கியது போல ஒரு கோடு. முதலில் விரிசலை ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அது வெடிமருந்து நிரப்பிய மெல்லிய ஈயக் கயிறு. உட்பக்கமாக அக்ரிலிக்கோடு ஒட்டப்பட்டிருக்கிறது. கைப்பிடியை இழுத்தால் அது வெடித்து, கோடு போன வழியெல்லாம் கண்ணாடி பிளந்து துண்டுகளாகிவிடும், சீட் அந்தத் துண்டுகளைத் தள்ளிக்கொண்டு மேலே போகும்.

தேன்மொழி சொன்ன காத்திருப்பு இதில் கிட்டத்தட்ட இல்லை. ஹாரியருக்கு இதுதான் பொருத்தம் என்பதற்கு இன்னொரு காரணம், அது அந்தரத்தில் நிற்கிற விமானம். மூடியைப் பிய்த்துப் பின்னால் எறிய எதிர்க்காற்று வேண்டும். அந்தரத்தில் நிற்கும்போது அந்தக் காற்று எங்கே? என்ஜின் நின்றால் கல் மாதிரி விழும், கையில் இருப்பது ஒன்றிரண்டு வினாடிதான்.

இதற்கும் விலை உண்டு. வெடிப்பது முகத்துக்கு ஒரு சாண் மேலே. உருகிய ஈயத் துளிகளும் அக்ரிலிக் சில்லுகளும் கீழேயும் தெறிக்கும். ஹெல்மெட் வைசர், அதாவது முகத்தை மறைக்கும் கண்ணாடி, இறக்கி இருக்க வேண்டும், கழுத்தும் கையும் மூடியிருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்வார்கள். வைசரை ஏற்றி வைத்துக்கொண்டு பறப்பது இந்த விமானங்களில் கண்ணோடு விளையாடுவது.

கதிரொளி:
அருமை ஆதவன், இப்போதுதான் அந்த வளைவுக் கோடு எதற்கு என்று புரிகிறது. நான் அது பனி உருக்கும் ஹீட்டர் கம்பி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கேள்வி. கழற்றும் வகையில், ஏதோ காரணத்தால் மூடி போகவே இல்லை என்றால்? சீட் கிளம்பி முட்டுமா, இல்லை கிளம்பாமலே இருக்குமா?

முகிலன்:
கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உண்டு, பொறியாளர்களிடையே இன்றும் இது பேசப்படுகிற விஷயம்.

ஒரு பள்ளி: மூடி போனது உறுதியானால்தான் சீட் கிளம்பலாம். பழைய எஃப்-4 பேண்டம் விமானத்தில் சீட்டின் சுடும் பொறியில் ஒரு தடைக்கட்டை இருக்கும், அது ஒரு கம்பியால் கேனோபியோடு கட்டப்பட்டிருக்கும். மூடி பறக்கும்போது கட்டையை உருவிக்கொண்டு போகும், அதன் பிறகுதான் சீட் சுடும். எஃப்-16-லும் யோசனை அதே வழியில்தான், மூடியோடு இணைந்த கயிறுகள் இழுபடும்போதுதான் சீட்டின் தோட்டா வெடிக்கும். கேனோபி தன் கையாலேயே சீட்டுக்கு உத்தரவு கொடுத்துவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பயங்கரமான நுணுக்கம் இருக்கிறது. கைப்பிடியை இழுத்தாயிற்று, மூடி போகவில்லை என்று வையுங்கள். விமானி இப்போது மூடியைக் கழற்றும் தனிப்பிடியை இழுக்க வேண்டும். இழுத்து மூடி பறந்த அதே நொடியில் சீட்டும் கிளம்பிவிடும், இன்னொரு முறை கேட்காது. கை இன்னும் அந்தப் பிடியில் நீட்டிய நிலையில் இருந்தால் கை போய்விடும். மூடியை விடுவித்த உடனே கையை உள்ளே இழுத்துக்கொள் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காக.

இரண்டாவது பள்ளி: மூடிக்கு ஒரு குறிப்பிட்ட நேரம் கொடு, போனாலும் போகாவிட்டாலும் சீட் கிளம்பட்டும். இதற்காகச் சீட்டின் தலைப்பகுதியில், ஹெல்மெட்டைவிட உயரமாக, உலோகக் கூர்கள் இருக்கும். கண்ணாடியில் முதலில் படுவது மண்டை இல்லை, அந்தக் கூர்தான். ஏ-10 மாதிரி விமானத்தின் சீட்டில் மேலே துருத்திக்கொண்டிருக்கும் கொம்புகளைப் பார்த்திருப்பீர்கள், அவைதான்.

என் கருத்தைக் கேட்டால் அக்ரிலிக் என்றால் காத்திருக்காதே, பாலிகார்பனேட் என்றால் காத்திரு. வேறு பொதுவிதி எனக்குத் தெரியவில்லை.

இளவேனில்:
கண்ணாடி வழியாகப் போவது என்றதும் 1991 ஜூலை 9 நினைவுக்கு வருகிறது. ஆபிரகாம் லிங்கன் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய கேஏ-6டி விமானம். பக்கத்துச் சீட்டில் இருந்த கீத் கல்லகருக்கு அன்று 26-வது பிறந்தநாள். கைப்பிடியை யாரும் இழுக்கவில்லை, ஒரு பாகம் பழுதாகி அவருடைய சீட் தானாக மேலே எழும்பி, கேனோபியை உடைத்துக்கொண்டு, பாதியில் நின்றுவிட்டது. தலையும் மார்பும் வெளியே, கால் உள்ளே. பாராசூட் வேறு விரிந்து வாலில் சுற்றிக்கொண்டது. விமானி மார்க் பேடன் பதறாமல் வேகத்தைக் குறைத்துச் சில நிமிடங்களில் கப்பலில் இறக்கிவிட்டார், கல்லகர் பிழைத்தார்.

இறங்கிய பிறகு எடுத்த படத்தைப் பார்த்தால் அவரைச் சுற்றிலும் உடைந்த அக்ரிலிக் முனைகள் கத்தி கத்தியாக நிற்கும். அந்த விமானத்தில் கண்ணாடி வழியே போவதுதான் வழக்கமான முறை. முழு வேகத்தில் போயிருந்தால் ஒரு கணத்தில் தாண்டியிருப்பார். பாதியில் நின்றதால் அந்த விளிம்புக்குள் நின்றுகொண்டே பயணம் செய்ய வேண்டியதாயிற்று. உடைத்துப் போவதைச் சுலபமாகப் பேசும்போதெல்லாம் நான் அந்தப் படத்தைத்தான் நினைப்பேன்.

ஆதவன்:
கேனோபியும் சீட்டும் சேர்ந்தே வெளியே போன கதை ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. ஆரம்ப கால மிக்-21, எஃப்-13 மாதிரியான வகைகள். அதில் கேனோபி முன்பக்கக் கீலில் திறக்கும் ஒரே துண்டு. விமானி கைப்பிடியை இழுத்தால் மூடி தனியாகப் பறக்காது, சீட்டோடு கோத்துக்கொண்டு அவர் முன்னால் கேடயம் மாதிரியே கூட வரும். ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போகிற விமானம், அந்தக் காற்று முகத்தில் நேராக அடித்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் செய்தது. யோசனை எவ்வளவு அழகு பாருங்கள். ஆனால் மூடி சரியாகக் கோத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் சரியான நேரத்தில் பிரியவும் வேண்டும், தாழ்வான உயரத்தில் இதற்கெல்லாம் நேரம் இல்லை. நடைமுறையில் நம்பகமாக அமையவில்லை. மிக்-21பிஎஃப்எம் வரும்போது பக்கவாட்டில் திறக்கும் மூடியும் கேஎம்-1 சீட்டும் வந்துவிட்டன.

காற்றைத் தடுக்கும் வேலையை அப்புறம் சீட்டே எடுத்துக்கொண்டது. ரஷ்யாவின் கே-36 சீட்டில் கால்களைத் தூக்கிப் பிடிக்கும், கைகளைக் கட்டும், அதிவேகத்தில் மார்புக்கு முன்னால் ஒரு காற்றுத் தடுப்பு எழும்பும். 1989-ல் பாரிஸ் கண்காட்சியில் அனடோலி குவோச்சூர் மிக்-29-லிருந்து தரைக்கு வெகு அருகில் வெளியேறி உயிர் பிழைத்தது இந்த சீட்டில்தான்.

தேன்மொழி:
சரி, பாலிகார்பனேட் விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இரண்டு பேர் இருக்கும் விமானத்தில் வரிசை எப்படி? ஒரே மூடிக்குக் கீழே இரண்டு ராக்கெட் என்றால் ஒருவர் மற்றவரைச் சுட்டுவிட மாட்டாரா?

முகிலன்:
அதனால்தான் பின்னால் இருப்பவர் முதலில் போவார். முன்னால் இருப்பவர் முதலில் போனால் அவருடைய ராக்கெட் நெருப்பு நேராகப் பின்னால் இருப்பவர் முகத்தில். பின்சீட் கிளம்பி ஒரு வினாடிக்கும் குறைவான இடைவெளியில் முன்சீட். இரண்டும் வானத்தில் முட்டிக்கொள்ளாமல் ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் சாய்ந்து போகும்படி ராக்கெட்டை அமைத்திருப்பார்கள். ஒருவர் இழுத்தால் இருவரும் போவதா, தனித்தனியா என்பதற்கு ஒரு தேர்வுக் குமிழும் உண்டு.

இதில் 2019 மார்ச்சில் பிரான்சில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ரஃபேல் விமானத்தின் பின்சீட்டில் 64 வயதுப் பயணி ஒருவர், ராணுவத்தில் இல்லாதவர், விமானம் மேலேறி மட்டமானபோது உடம்பு மிதப்பது போல ஆனதும் பயத்தில் கைக்கு எட்டியதைப் பிடித்தார். எட்டியது அந்தக் கைப்பிடி. மூடி நொறுங்கியது, அவர் வெளியே போய்விட்டார். இருவரும் போகவேண்டிய வரிசை அது, ஆனால் கோளாறினால் முன்சீட் கிளம்பவில்லை. விமானி முகத்தில் சின்னச் சின்னக் காயங்களோடு, மூடி இல்லாத விமானத்தை ஓட்டிவந்து இறக்கினார். பயணியும் உயிரோடு தப்பினார், அவருடைய வைசர் இறக்கப்படவில்லை, பட்டைகள் தளர்வாக இருந்தன என்று விசாரணை சொன்னது. நான் சீட் வேலையில் இருந்தபோது யாரையாவது உட்கார வைத்தால் பட்டையை இழுத்து, இன்னொரு தரம் இழுத்து, அவர் முனகும் வரை இழுப்பேன். கோபித்துக்கொள்வார்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால், சீட் 12 மடங்கு புவியீர்ப்பு விசையில் மேலே வரும்போது அந்த இரண்டு விரல் தூரத்தில்தான் முதுகெலும்பு அடி வாங்கும்.

நிலவன்:
இவ்வளவு நுணுக்கமாக இருக்கிறதே, விமானி இழுக்கும் வரை ஏன் காத்திருக்க வேண்டும், கணினியே முடிவு செய்யலாமே?

ஆதவன்:
செய்திருக்கிறார்கள் நிலவன். சோவியத் காலத்து யாக்-38 செங்குத்தாக இறங்கும் விமானம். அதில் விமானத்தை மேலே தூக்கிப் பிடிக்கும் என்ஜின்களில் ஒன்று நின்றால் மனிதன் யோசிப்பதற்குள் கவிழ்ந்துவிடும், அதனால் தானாகவே விமானியை வெளியேற்றும் ஏற்பாடு இருந்தது. எஃப்-35பி-யிலும் செங்குத்து இறக்க நிலையில் அப்படி ஒரு வசதி உண்டு. இந்த இரண்டிலும் மூடி விலகுவதற்குக் காத்திருக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். யாக்-38-ல் கண்ணாடி வழியாகத்தான் போவார்கள். எஃப்-35-ல் மூடி முன்பக்கக் கீலில் இருப்பதால் காற்று அதைப் பிய்க்காது, அழுத்தித்தான் பிடிக்கும், அதனால் வெடிமருந்தால் கண்ணாடியை வெட்டித் திறக்கிறார்கள்.

மற்ற விமானங்களில் முடிவு மனிதனிடமே இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். வாழ்நாள் முழுக்க முதுகு வலிக்கும் ஒரு காரியத்தை ஒரு சென்சாரின் தவறால் யார்மீதும் திணிக்கக்கூடாது.

இளவேனில்:
ஹெலிகாப்டரில்கூட உண்டு தெரியுமா? ரஷ்யாவின் கேஏ-50. முதலில் சுழலும் இறக்கைகளை வெடிவைத்துக் கழற்றிவிடும், அப்புறம் மேல்பக்கம் திறந்து ராக்கெட் விமானியை இழுத்துக்கொண்டு போகும். அங்கே கேனோபிக்கு முன்னால் இன்னொரு மூடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கதிரொளி:
கடைசியாக ஒன்று. மூடியைக் கழற்றும் வகையில் விமானம் முன்னால் நகராமல் தட்டாமாலை சுற்றிக்கொண்டே கீழே விழுகிறது என்றால்? பின்னால் அடித்துச்செல்லக் காற்று இல்லையே, மூடி அங்கேயே மேலே மிதந்துகொண்டிருந்து விமானி அதிலேயே போய் மோத மாட்டாரா?

முகிலன்:
மோத வாய்ப்பு உண்டு, அது கற்பனை இல்லை. தட்டையாகச் சுழன்று விழும்போது விமானத்துக்கு மேலே காற்று மந்தமாகிவிடும், கழன்ற மூடி சட்டென்று விலகாமல் தலைக்கு மேலேயே தங்கலாம். அந்த நிலையில் மூடியை முதலில் தனியாகக் கழற்றி, அது விலகியதைப் பார்த்துவிட்டு, அப்புறம் சீட் கைப்பிடியை இழுப்பது பாதுகாப்பு. லங்காஸ்டர் 1949-ல் செய்த அதே வரிசை. தானியங்கி இவ்வளவு தூரம் வந்தபிறகும் மூடிக்கென்று தனிப்பிடி காக்பிட்டில் இன்னும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் தனிப்பிடி வெளியேயும் இருக்கும். விமானத்தின் பக்கவாட்டில் காக்பிட்டுக்குக் கீழே மீட்புக்கான குறி போட்ட சின்னக் கதவு, உள்ளே கயிறு சுற்றிய ஒரு பிடி. தரையில் விபத்தாகி விமானி மயங்கிக் கிடந்தால், தீயணைப்பு வீரர் அந்தப் பிடியை எடுத்துக்கொண்டு கயிறு நீளும் வரை தள்ளிப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுப்பார். மூடி மட்டும் போகும், சீட் கிளம்பாது. அதன்பின் ஏறியவர் முதலில் செய்யும் காரியம் விமானியைத் தொடுவது இல்லை, சீட்டில் பாதுகாப்பு ஊசியைச் செருகுவது. அதற்கப்புறம்தான் பட்டையை அவிழ்ப்பார்.

கதிரொளி:
அந்தச் சின்னக் கதவை இனி ஒவ்வொரு படத்திலும் தேடுவேன். நன்றி முகிலன், ஆதவன், எல்லோருக்கும்.